எந்தச் செய்திக்கு எந்த வழி?

அறுபது பேர் பணிபுரியும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாலை ஐந்து மணிக்கு அதன் கணக்காளருக்கு வாட்ஸ்அப் செய்தி ஒன்று வருகிறது. முகப்பில் உரிமையாளரின் படம் இருக்கிறது. எண் மட்டும் புதியது. கூட்டத்தில் இருப்பதாகவும், அழைக்க வேண்டாம் என்றும், குறிப்பிட்ட கணக்கிற்கு நான்கு இலட்சம் ரூபாயை உடனே அனுப்ப வேண்டும் என்றும் அச்செய்தி கூறுகிறது. உரிமையாளர் நாள்தோறும் வாட்ஸ்அப்பிலேயே கட்டளையிடுபவர். எனவே கணக்காளர் ஐயுறவில்லை. பணம் மோசடியாளர் கைக்குப் போய்ச் சேர்கிறது.

கணக்காளரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பணம் பற்றிய ஆணை எந்த வழியில் வரும், எந்த வழியில் வராது என்பதை அந்நிறுவனம் வரையறுக்கவே இல்லை. எல்லாச் செய்திக்கும் ஒரே வழி என்னும் பழக்கமே மோசடிக்கு வாயில் திறந்தது.

ரிச்சர்டு டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்னும் மேலாண்மை அறிஞர்கள் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு தெளிவான அடிப்படை தருகிறது. நேர்முகப் பேச்சில் குரலும் முகக்குறிப்பும் உடனடி மறுமொழியும் உண்டு. தொலைபேசியில் அவை குறையும். எழுத்தில் மேலும் குறையும். ஆகவே பலவாறு பொருள்கொள்ளத்தக்க செய்தியை நேரில் கூற வேண்டும்; ஐயத்திற்கு இடமற்ற வழக்கமான செய்திக்கு எழுத்தே போதும் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

இதனை நம் அலுவலகத்திற்குப் பொருத்திப் பார்ப்போம்.

விளக்கம் வேண்டும் செய்திகள்: ஊதிய அமைப்பு, பணிநேரம் ஆகியவற்றில் மாற்றம் வந்தால் முதலில் நேரில் கூறுக, வினாக்களுக்கு விடையளித்தபின் எழுத்தில் தருக.

நிலைத்திருக்க வேண்டிய செய்திகள்: விடுப்பு விதிகளும் பாதுகாப்பு விதிகளும் குழுச்செய்தியில் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். இவற்றுக்கு அறிவிப்புப் பலகையும் மின்னஞ்சலும் ஏற்றவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் நுழைவாயிலருகே தெளிவாக வைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரியும் இந்நாளில் அவ்விதியின் நோக்கம் மேலும் பொருந்துகிறது.

உடனடிச் செய்திகள்: தீ, எரிவாயுக் கசிவு போன்றவற்றுக்கு அபாயச் சங்கும் ஒலிபெருக்கியும் வேண்டும். இயந்திரத்தின் முன் நிற்பவர் கையில் கைபேசி இராது.

பணம் பற்றிய ஆணைகள்: இவற்றுக்குத் தனி வழி இன்றியமையாதது. அலுவலக மின்னஞ்சல் அல்லது கையொப்பமிட்ட தாள் வழியாக மட்டுமே ஆணை வர வேண்டும். புதிய கணக்கிற்குப் பணம் அனுப்புமுன், செய்தி வந்த எண்ணை அல்லாது, முன்பே பதிந்து வைத்துள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்ய வேண்டும். நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் ஒருவர் பதிவிட மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் ஏற்பாடு உண்டு, அதனைப் பயன்படுத்துக. இவ்விதிகளிலிருந்து உரிமையாளருக்கும் விலக்கு இல்லை. உறுதிசெய்யும் பொருட்டுப் பணத்தை நிறுத்திவைத்த ஊழியரை ஒருபோதும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால், அடுத்த முறை அவர் கேளாமலே அனுப்பிவிடுவார்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் தாமதியாது வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து புகார் அளித்தால் பணம் கைமாறுமுன் தடுக்கும் வாய்ப்பு மிகுதி.

பயிற்சி: தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, தகவல் தொடர்பு குறித்து ஐந்து வினாக்களுக்கு நிறுவனம் விடை காண வேண்டும் என்கிறது: எதனை, எப்போது, யாருக்கு, எவ்வாறு, யார் தெரிவிப்பது? ஒரு தாளில் இவ்வைந்தையும் தலைப்புகளாக எழுதி, உங்கள் நிறுவனத்தின் முதன்மையான பத்துச் செய்திகளை நிரப்புங்கள். பணம் பற்றிய வரிசையை முதலில் எழுதுங்கள். பின்னர் அத்தாளைக் கணக்காளரின் மேசையருகே ஒட்டி வையுங்கள். அடுத்த மாலை ஐந்து மணிக்கு ஒரு புதிய எண்ணிலிருந்து கட்டளை வந்தால், என்ன செய்வதென்று அவர் தயங்க வேண்டியிராது.