எங்களுக்குப் பிறகு யார்?

"எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பார்ப்பது?" வலுவிழந்த பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலரின் நெஞ்சை அரிக்கும் கேள்வி இது. ஏதாவதோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்பதே நெடுங்காலமாகக் கூறப்பட்ட விடை. அவ்விடை மாறிவந்த வரலாற்றை இங்கு நோக்குவோம்.

1. விடுதிகளின் காலம்

பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்குமாக 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. வீட்டு மூலையில் முடங்கியிருந்த பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். இப்பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் விடுதியை விட்டபின் எங்கே வாழ்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

2. புதிய எண்ணம்

அமெரிக்காவின் எட் றொபேட்ஸ் 1953இல், தமது 14ஆவது வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1962இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது, அங்கிருந்த மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. 1972இல் அவரும் நண்பர்களும் சுயாதீன வாழ்வு நிலையத்தை அமைத்தனர். உதவியாளரைத் தேடுதல், சக்கர நாற்காலி திருத்துதல், வீடு பார்த்தல் ஆகியன அதன் பணிகள். சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுவதன்று சுயாதீனம். எப்போது எழுவது, எங்கே போவது, யாருடன் வாழ்வது என்பதைத் தானே தீர்மானிப்பதே சுயாதீனம் என்பது அவர்கள் கண்ட உண்மை. வேலைக்குத் தகுதியற்றவர் என முன்பு அவரை ஒதுக்கிய அரச திணைக்களத்துக்கே பின்னர் அவர் பணிப்பாளரானார்!

3. எமது மண்ணில்

1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெய்ப்பூர்க் காலுடன் சப்பாத்தின்றி நடக்கலாம், குந்தியிருக்கலாம், சேற்று வயலிலும் இறங்கலாம். போரிற் காலிழந்த பலர் தம் தொழிலுக்குத் திரும்ப இது துணைநின்றது.

4. சட்டம் கூறுவது

வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்க இலங்கையில் 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. எங்கே, யாருடன் வாழ்வதென்பதைத் தெரிவுசெய்யும் உரிமை வலுவிழந்தோர்க்கும் உண்டென அதன் 19ஆவது உறுப்புரை கூறுகின்றது.

ஆனால் மண்டப வாசலில் இரண்டு படிகள் இருந்தாற் போதும், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நின்றுவிடுவார். பெற்றோரின் கேள்விக்கு ஊரார் அனைவருமே விடையாக வேண்டும்.

சிந்திப்போம்:

எமது ஆலயத்திலும் வாசிகசாலையிலும் சாய்தளம் உண்டா?

வலுவிழந்த ஒருவரிடம் அவரது விருப்பத்தை நாம் கடைசியாகக் கேட்டது எப்போது?