நாயின் பித்தக்குழாய் அடைப்பும் ரண சிகிச்சையும்

பட்டிக்கும் களத்திற்கும் காவலாக இருக்கும் நாய் ஆகாரத்தை வெறுத்து, அதன் கண்ணின் வெண்மையும் ஈறும் மஞ்சளாகிவிட்டால், இனிப் பிழைக்காது என்று கைவிடுவதே நம் ஊர்களில் பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது. காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். அவற்றுள் பித்தக்குழாய் அடைப்பு ரண சிகிச்சையால் தீரக்கூடியது. ஆயினும் காலந்தாழ்த்தினால் அதுவும் கைமீறிப் போகும்.

நாயின் கல்லீரல் ஆறு மடல்களாகப் பிரிந்திருக்கிறது. அதில் ஊறும் பித்தநீர் பித்தப்பையில் தங்கி, உணவு உண்டதும் ஒரு குழாயின் வழியே சிறுகுடலின் தொடக்கத்தில் இறங்கும். கல், கட்டி, அருகிலுள்ள கணையத்தின் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் அக்குழாய் அடைபடலாம். வயது முதிர்ந்த நாய்களில் பித்தநீரே கெட்டியான பாகு போலாகிப் பையை நிரப்பிவிடுவதும் உண்டு. மதகு அடைபட்டால் ஏரி நீர் கரையை முட்டுவது போல, பித்தநீர் பின்வாங்கி இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் கருமஞ்சளாகும். அடைப்பு முழுமையானால் மலம் நிறமிழந்து வெளிறிய களிமண் போலாகும். மலத்தின் நிறத்தைக் கவனித்துச் சொல்பவர் மருத்துவரின் வேலையில் பாதியைக் குறைத்தவராவார்.

எலிக்காய்ச்சலாலும் நாய்க்குக் காமாலை வரும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீரால் பரவும் இந்நோய், நாயின் சிறுநீர் வழியே மனிதரையும் பற்றும். இதற்குக் கத்தி உதவாது. கிருமிக்கொல்லி மருந்தே வேண்டும். ஆகவே காரணம் தெரியும்வரை மஞ்சள் கண்ட நாயைக் குழந்தைகள் அணுகாதபடி கட்டி வைத்து, கையுறையின்றி அதன் சிறுநீரைத் தொடாதிருத்தல் வேண்டும். இரத்தச் சோதனையும் வயிற்றின் ஸ்கேன் படமும் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். கீழாநெல்லியை அரைத்துப் புகட்டுவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடைபட்ட குழாயை எந்தத் தழையும் திறந்துவிடாது. வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பதோ பெருந்தீங்கு. அது ஈரலையே கெடுக்கும்; பூனைக்கு ஒரு மாத்திரையே எமனாகலாம்.

கத்தி வைக்குமுன் மருத்துவர் கே வைட்டமின் ஊசி போடுவதுண்டு. குடலில் பித்தநீர் இல்லையேல் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் இவ்வைட்டமினும் கிட்டாது. அது குறைந்தால் இரத்தம் உறையாது. பின்னர் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன பித்தப்பையை அடியோடு எடுத்துவிடுவர். பையில்லாமலும் நாய் வாழும். பித்தநீர் நேரே குடலில் சொட்டிக்கொண்டிருக்கும். குழாய் பயன்படாத நிலையிலிருந்து, பை நன்றாக இருந்தால், அதைக் குடலோடு இணைத்துப் புதுவழி அமைப்பர். ஈரலின் ஒரு மடலில் மட்டும் கட்டியிருந்தால் அம்மடலை அறுத்தெடுக்கலாம். நலமான ஈரலில் மூன்றில் இரு பங்கு போனாலும் எஞ்சியது சில வாரங்களில் வளர்ந்து ஈடுசெய்யும்.

இது எளிய சிகிச்சையன்று. தேர்ந்த கைகளிலும் சில நாய்கள் இறப்பதுண்டு. பை வெடித்து, கிருமியுள்ள பித்தநீர் வயிற்றினுள் சிந்திய பிறகு கொண்டுவந்தால் இடர் பன்மடங்காகும். சிற்றூர் மருந்தகத்தில் இதற்கு வசதியிராது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கே செல்ல வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கடிதம் பெற்றுத் தருவதிலும் வண்டி ஏற்பாடு செய்வதிலும் பஞ்சாயத்து உறுப்பினர் உதவலாம்.

வீடு திரும்பிய நாய்க்குக் கொழுப்புக் குறைந்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். தையலை நக்கவிடலாகாது. வாந்தியோ வயிற்று வீக்கமோ மீண்டும் மஞ்சளோ கண்டால், அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.