விளக்குக்குப் பெயர் வை, தம்பி



நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பழைய மகாபலிபுரம் சாலை ஆபீஸில் டியூப்லைட்டெல்லாம் கழற்றி எல்இடி மாட்டியாகிவிட்டது, விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டாலி வயரும் இழுத்தாகிவிட்டது, இனி அதையெல்லாம் செட் பண்ணி ஓடவிடும் கமிஷனிங் உன் பொறுப்பு. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறாய். அதைப் பிறகு பார்ப்போம். லேப்டாப்பைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, முதலில் அந்த மாடியில் ஒரு நாள் சும்மா நட.

காலை ஆறு மணிக்கே போ. ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எந்த சுவிட்சை முதலில் தட்டுகிறார்கள், எந்த மூலையை செல்போன் டார்ச்சில் துடைக்கிறார்கள் என்று கவனி. மூன்று மணி வெயிலில் மேற்குப் பக்கம் யார் பிளைண்டை இழுத்து மூடுகிறார்கள், ராத்திரி ஷிப்டில் நாற்பது மேஜைக்கு நடுவே இருக்கிற மூன்று பேர் எங்கே உட்கார்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வா. சேர்ந்து எரிய வேண்டிய விளக்குகளை எங்கே குரூப் குரூப்பாகப் பிரிப்பது என்பது அப்போது தெரியும். எலெக்ட்ரிக்கல் டிராயிங்கில் அது இருக்காது.

பழைய முறையில் சுவிட்சிலிருந்து வயர் எங்கே போகிறதோ அதுதான் குரூப். டாலியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே சர்க்யூட்டில் உள்ள இரண்டு விளக்குகள் வேறு வேறு குரூப்பில் இருக்கலாம். ஒரே விளக்கு பல குரூப்பிலும் இருக்கலாம். இருந்தும் பலர் வயர் போன வழியே குரூப் போட்டுவிடுகிறார்கள். வயர் ஜன்னலிலிருந்து உள்நோக்கி ஓடியிருந்தால், வெயில் விழும் ஜன்னலோர விளக்கும் நடுக்கூடத்து விளக்கும் சேர்ந்து மங்கும். நடுவில் இருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திட்டுவது உன்னைத்தான். ஜன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் பிரி.

ஒரு டாலி லைனுக்கு 64 டிரைவர் (விளக்கை ஓட்டும் பெட்டி), 16 குரூப், 16 சீன் (முன்கூட்டியே பதிந்து வைக்கும் வெளிச்ச அமைப்பு). 64ஐயும் நிரப்பிவிடாதே, பார்ட்டிஷன் மாறாத ஆபீஸை நான் பார்த்ததில்லை.

டிரைவர்களுக்கு முகவரி கொடுக்கச் சொன்னால் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு எண் போடும். 0 வாசலில் இருக்கும், 1 பேன்ட்ரியில் இருக்கும். ஒவ்வொன்றாக மினுக்கவிட்டு, கூட ஒருவரை நிறுத்தி, சீலிங் டிராயிங்கில் எழுதிக்கொண்டே வர வேண்டும். கழுத்து வலிக்கும். குறுக்குவழி தேடாதே. குரூப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘ஜோன் 3பி’ என்று வைக்காமல், அங்கே இருப்பவர்கள் அந்த இடத்தை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே வை: ஜெராக்ஸ் மூலை, தண்ணி கேன் பக்கம், ஹெச்ஆர் வாசல். இரண்டு வருஷம் கழித்து செக்யூரிட்டி அண்ணன் போன் பண்ணும்போது ‘ஜோன் 3பி’ என்றா சொல்லப்போகிறார்?

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முகவரி, குரூப், சீன் எல்லாம் டிரைவருக்குள்ளேயேதான் பதிந்திருக்கின்றன. டிரைவர் எரிந்துபோய் எலெக்ட்ரீஷியன் புதிதாக ஒன்றை மாட்டினால், அதற்கு எதுவும் தெரியாது; எந்த குரூப்போடும் சேராமல் தனியாக நிற்கும். வேறொரு சைட்டில் கழற்றியதை மாட்டினாலோ பழைய எண்ணோடு வரும், ஒரே எண்ணுக்கு இரண்டு விளக்கு ஆடும். ஆகவே முடித்த வேலையைக் காகிதத்தில் அச்சடித்து, டிபி (மின் விநியோகப் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வா.

என் சொதப்பல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாலியில் 254தான் முழு வெளிச்சம் என்பதால், பாதி வேண்டுமென்று ஒரு கான்ஃபரன்ஸ் ரூமுக்கு 127 போட்டேன். அறை கும்மிருட்டு. டாலி அளவு நம் கண்ணுக்கு ஏற்றபடி வளைந்து ஏறுவது. 127 என்பது சுமார் மூன்று சதவீதம்தான், பாதி வேண்டுமென்றால் 229. வாடிக்கையாளர் முன்னால் அரைமணி நேரம் வயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயர் நிஜமாகவே குற்றவாளியாகும் நாளும் வரும். ஃபால்ஸ் சீலிங் ஆசாரி அடித்த ஒரு ஸ்க்ரூ டாலி ஜோடியைக் குத்தினால் லைன் ஷார்ட்டாகும். நாம் மாற்றி வைக்காதவரை, லைன் செத்ததும் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்துக்குப் போய்விடும். எந்த சுவிட்சும் கேட்காது. பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் அப்படி வைத்ததில் ஒரு நியாயம் உண்டு: கோளாறு வந்தால் மனிதர்கள் இருட்டில் மாட்டக்கூடாது.

சென்சார் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். அணைப்பதை சென்சார் செய்யட்டும். ஆபீஸ் அறைகளில் போடுவதை ஆள் செய்யட்டும். பிஐஆர் சென்சார் பார்ப்பது உடம்புச் சூடு நகர்வதை. அசையாமல் புரோகிராம் எழுதுகிறவர் அதற்கு இல்லாத ஆள்; அணைக்கும் நேரத்தை ஐந்து நிமிடம் வைத்தால் அவர் தினமும் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். இருபது வை. மே மாதத்து பார்க்கிங்கில் காற்றே உடம்புச் சூட்டை நெருங்கிவிடுவதால் பிஐஆர் திணறும். அங்கே மைக்ரோவேவ் சென்சார் போடலாம்; ஆனால் அதையே கண்ணாடி கேபினுக்குள் போட்டால், வெளியே காரிடாரில் நடப்பவருக்கெல்லாம் உள்ளே விளக்கு அணையாமல் எரியும். கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் என் பிடிவாதம் செல்லாது. அங்கே தானாக எரியட்டும், முழுக்க அணையவும் வேண்டாம், கொஞ்சம் மங்கினால் போதும்.

பகல் வெளிச்ச சென்சாரை மேஜையும் கார்ப்பெட்டும் வந்த பிறகுதான் செட் பண்ண வேண்டும். அது பார்ப்பது மேஜையிலிருந்தும் தரையிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்தை. வெள்ளை மேஜைக்குக் கீழே கறுப்பு கார்ப்பெட் வந்தாலே கணக்கு மாறிவிடும். லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போ.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. சீலிங் டிராயிங்கைக் கொண்டுவா, பெரிய தாளில், பென்சிலும் ரப்பரும் சேர்த்து. ஜெராக்ஸ் மூலை எங்கே இருக்கிறது என்று நீ எனக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்