அறையைக் காலி செய்யும் முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

படிப்பு முடிந்து ஆகஸ்ட் கடைசியில் லீட்ஸ் அறையைக் காலி செய்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். சாமான்களை "யாருக்காவது கொடுத்துட்டு வந்துடுவேன்" என்றாயாம். அந்த யாரோ யார் என்பதை இப்போதே முடிவு செய். கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் எல்லாம் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்குத்தான் போகும்.

அங்கே கடைத்தெருவுக்குப் போனால் சாரிட்டி கடை கண்ணில் படாமல் இருக்காது. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு பிராட் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. நீ கொடுக்கும் சட்டை நேராக ஓர் ஏழை வீட்டுக்குப் போகும் என்று நினைக்காதே. அதை விற்று வரும் பணம்தான் உதவிக்குப் போகிறது. விற்கவே முடியாததை அப்புறப்படுத்த அவர்கள் கைக்காசு போட வேண்டும். பிடி உடைந்த கப்பையும் கறை படிந்த பனியனையும் கொண்டுபோய்க் கொடுப்பது தானமில்லை. நம் குப்பைச் செலவை அவர்கள் தலையில் கட்டுவது. மூடியிருக்கும் கடை வாசலில் இரவோடு இரவாகப் பையை வைத்துவிட்டு வருவது அதைவிட மோசம். அந்த ஊர் மழையில் காலைக்குள் எல்லாம் ஊறிவிடும்.

நீ வாங்கிய சிறிய சோபாவைக் கவிழ்த்துப் பார். தீத்தடுப்பு லேபிள் தைத்திருக்கும். 1988-ல் வந்த விதிகளால், அது இல்லாத சோபாவைச் சாரிட்டி கடைகள் எடுப்பதில்லை. உறுத்துகிறது என்று கத்தரித்துவிட்டால், எவ்வளவு நல்ல சோபாவானாலும் வண்டியோடு வந்தவர்கள் கையை விரித்துவிடுவார்கள். பெரிய சாமான்களை பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துப் போகும். தேதியை முன்கூட்டியே வாங்கிவிடு. மின்சாதனங்களைச் சோதித்த பிறகே விற்பார்கள். அந்த வசதி எல்லாக் கிளைகளிலும் கிடையாது, போனில் கேட்டுவிட்டுப் போ. பழைய துண்டு, போர்வைக்கு நாய், பூனைக் காப்பகங்களைக் கேட்டுப் பார். பிரிக்காத, தேதி தாண்டாத உணவுப் பொட்டலங்களை ஃபுட் பேங்கில் கொடு.

பகுதிநேர வேலையில் வருமான வரி பிடித்தார்களா? பிடித்த வரி உனக்குத் திரும்பி வராவிட்டால், கடையில் கிஃப்ட் எய்ட் படிவம் கேட்டுக் கையெழுத்துப் போடு. உன் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். உன் கையிலிருந்து தனியாக ஒன்றும் போகாது.

குக்கர், இட்லிப் பானை, மிக்சியை மட்டும் கடைக்குக் கொண்டுபோகாதே. இட்லித் தட்டைப் பார்த்து முட்டை வேக வைக்கிற தட்டோ என்று யோசிப்பார்கள்! செப்டம்பரில் நம் பிள்ளைகள் புதிதாக வந்து இறங்குவார்கள். அங்கேயே தங்கப்போகும் தோழியிடம் விட்டு வா. உங்கள் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டால் ஆள் வந்துவிடும். குக்கர் கேஸ்கெட் விறைத்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடு. வெயிட்டைத் துணியில் முடிந்து உள்ளேயே போட்டு வை. நாலு கை மாறுவதற்குள் தொலைவது அதுதான். காசு கேட்காதே. நீ போய் இறங்கியபோது யாரோ கொடுத்த அரிசியைத்தானே முதலில் பொங்கினாய்?

"எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டு வா" என்று உன் அப்பா சொல்வான், காதில் வாங்காதே. கூடுதல் பெட்டிக்கு விமானத்தில் கட்டும் பணத்துக்கு அதையெல்லாம் இங்கே புதிதாகவே வாங்கலாம். அந்தக் கனமான குளிர்கோட்டையும் கொடுத்துவிடு. கொடுக்கும் முன் பைகளைத் துழாவிப் பார். வீட்டுச் சாவி அதில்தான் கிடக்கும்.

அன்புடன்,
அத்தை