புரோகிராமருக்கு மெயில் தொல்லையா?

1. இன்பாக்ஸை ஒருமுறை அனுப்பியவர் பெயர்வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஜிரா, கிட்ஹப், ஜென்கின்ஸ், ஏதோ ஒரு சர்வர் என்று வரிசையாக நிற்கும். ஆள் உட்கார்ந்து எழுதிய மெயில் கொஞ்சம்தான் தேறும். எனவே மெயிலை வேகமாகப் படிக்கப் பழகுவதைவிட, இந்த இயந்திரங்களின் வாயை அடைப்பதுதான் முதல் வேலை.

2. கிட்ஹப் ரெப்போவில் 'வாட்ச்' பட்டன் 'ஆல் ஆக்டிவிட்டி'யில் இருந்தால், அங்கே யார் தும்மினாலும் உங்களுக்கு மெயில் வரும். 'பார்ட்டிசிபேட்டிங்' என்பதற்கு மாற்றுங்கள். பலர் கவனிக்காத வசதி ஒன்றும் உண்டு. ஒரு மெயில் ஏன் வந்தது என்பதை அதன் சிசி முகவரியே சொல்லிவிடும். ரிவ்யூ கேட்டு வந்திருந்தால் 'ரிவ்யூ ரிக்வெஸ்டட்' என்றும், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் 'மென்ஷன்' என்றும் அந்த முகவரி தொடங்கும். இந்த இரண்டுக்கும் ஃபில்டர் போட்டு இன்பாக்ஸில் விடுங்கள். மற்ற கிட்ஹப் மெயில்கள் நேராக ஒரு லேபிளுக்குள் போகட்டும்.

3. கிரான் ஜாப் எதையாவது பிரிண்ட் செய்தால், மெயில் வசதி உள்ள சர்வர் அதை அப்படியே மெயிலாக அனுப்பிவிடும். "பேக்கப் முடிந்தது" என்று தினமும் வந்தால் பத்தாம் நாள் யாரும் திறக்க மாட்டார்கள். பிறகு எரர் வந்தாலும் அதே கதிதான். வழக்கமான அவுட்புட்டை லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, எரரை மட்டும் மெயிலுக்கு விடுங்கள். ஆனால் ஜாப் ஓடவே இல்லையென்றால் எரர் மெயிலும் வராது. பேக்கப்புக்குத் தனிக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

4. காலையில் முதலில் கோடிங், பிறகுதான் மெயில். அமெரிக்க கிளையன்ட் காத்திருப்பாரே என்று பயப்படுகிறீர்களா? கோடைக்கால நேரப்படி, சென்னையில் காலை 10 மணி என்றால் சான்பிரான்சிஸ்கோவில் முந்தைய நாள் இரவு 9.30. அவர் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பதிலை 12 மணிக்கு அனுப்பினாலும் அவர் விடிந்துதான் படிக்கப் போகிறார். புரொடக்‌ஷன் விழுந்தால் போன் வரும். மெயிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

5. திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் பாப்-அப்பை நிறுத்துங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

6. மெயில் பார்க்கப் போகும் முன், அடுத்து எழுத வேண்டியதை ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வரி கமென்டாகப் போட்டு வையுங்கள். ஃபெயில் ஆகும் டெஸ்ட் ஒன்றை எழுதி வைத்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் "எங்கே விட்டோம்?" என்று தேட வேண்டாம்.

7. "வாழ்த்துகள்!" என்று நாற்பது பேர் ரிப்ளை ஆல் போடும் நாளில், ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து 'எம்' விசையைத் தட்டுங்கள் (செட்டிங்ஸில் கீபோர்ட் ஷார்ட்கட் ஆன் ஆகியிருக்க வேண்டும்). மியூட் ஆகிவிடும். பின்னால் வரும் வாழ்த்துகள் இன்பாக்ஸைத் தொடாது, தேடினால் கிடைக்கும்.

8. நாம் அனுப்பும் மெயிலும் யாரோ ஒருவருக்குத் தொல்லைதான். சப்ஜெக்டில் "சந்தேகம்" என்று போட்டால் நாலு மெயில் போய் வரும். "ஆர்டர் ஏபிஐ டைம்-அவுட் 5 விநாடியா, 10 விநாடியா? வியாழன் மாலைக்குள் தேவை" என்று போட்டுப் பாருங்கள், "10" என்று ஒற்றை வரியில் பதில் வரும்.

9. ஸ்டான்ஃபோர்டின் கணினி அறிஞர் டொனால்ட் குனூத், 1990 ஜனவரி 1 முதல் மெயில் முகவரியே இல்லாமல் இருக்கிறார். வேண்டுமென்றால் தபாலில் எழுதலாம். ஆசைதான், ஆனால் அவருக்கு வருவதைப் பிரித்துக் கொடுக்கச் செயலாளர் இருந்தார். நமக்கு ஃபில்டர்தான் செயலாளர்.

10. லீவு முடிந்து வந்தால் பழையதிலிருந்து தொடங்காதீர்கள். ஒவ்வொரு தொடரிலும் கடைசி மெயிலை மட்டும் படியுங்கள். முதல் மெயிலில் "அவசரம்" என்று கதறியவரே கடைசி மெயிலில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று முடித்திருப்பார்.