குத்தூசியும் பி-53-உம்

மண்டிக்கு மூட்டை வந்தால் குத்தூசி போட்டுப் பார்த்துத்தானே உள்ளே ஏற்றுகிறோம்? நம் உடம்பின் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு சோதனைக்காரர் உண்டு. பெயர் பி-53, 1979-இல் கண்டறிந்தார்கள். செல்லில் பழுது கண்டால் அது பெருகாமல் நிறுத்தி, சரிசெய்ய அவகாசம் தருவார். சரியாகாவிட்டால் அந்தச் செல்லையே ஒழித்துவிடுவார்.

பீடி, சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் நஞ்சு அவரையே கெடுக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் பி-53 மரபணு எந்தெந்த இடத்தில் பழுதாகிறதோ, அங்கேயேதான் இந்த நஞ்சும் போய் ஒட்டுகிறது என்று 1996-இல் அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டினார்கள். சோதிப்பவரே போனபின் சொத்தைச் சரக்கு பெருகாமல் என்ன செய்யும்?

பி-53 கெட்ட கட்டி சிகிச்சைக்கு எளிதில் மசிவதில்லை என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனாலும் அதை மட்டும் வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

புகையை விட்டுப் பத்தாண்டு ஆனவருக்கு, விடாதவரைவிட இந்நோயால் சாகும் அபாயம் ஏறக்குறைய பாதி. நோய் வந்தபின் விட்டாலும் பலன் உண்டு. எங்கள் மண்டிக் கணக்கருக்கு இது தெரியாது. "வந்தாச்சு, இனி விட்டு என்ன முதலாளி" என்றார். நாங்களும் கேட்டபோதெல்லாம் பீடிக் கட்டை எடுத்துக் கொடுத்தோம்.