ஜெனரேட்டர் ஓடும்போதும் யூ.பி.எஸ். கத்துகிறதா?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாள். பக்கத்து வீட்டு மாமா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஜெனரேட்டர் ஓடியது, ஃபேனும் சுற்றியது. யூ.பி.எஸ். மட்டும் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. காலையிலிருந்து டைப் செய்த சங்கக் கணக்கை அவர் சேவ் செய்திருக்கவில்லை.

"யூ.பி.எஸ்.ஸைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாமாப்பா?" என்றார்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொன்னேன். வோல்டேஜ் 230, சரியாகவே இருந்தது. ஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் 53. யாரோ லிஃப்ட் பட்டனை அழுத்தியதும் 47-க்கு இறங்கியது. குற்றவாளி இதுதான்!

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அதுவே 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஜெனரேட்டர் இதைத் தர நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும். 1410 சுற்றாகக் குறைந்தால் 47 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதன் லேபிளில் 50/60 ஹெர்ட்ஸ் என்றே போட்டிருக்கும். ஆனால் பல யூ.பி.எஸ்.கள் தங்கள் அலையை வெளியிலிருந்து வரும் அலையோடு பொருத்திய பிறகே பேட்டரியிலிருந்து மாறும். வரும் அலை எல்லை தாண்டித் தள்ளாடினால், பேட்டரியே போதும் என்று இருந்துவிடும். ஸ்டெபிலைசர் வாங்கினாலும் பயனில்லை, அது வோல்டேஜை மட்டுமே சரிசெய்யும்.

ஈ.பி. கரண்டில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத்தின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்தது. அத்தனை பெரிய தொகுப்புக்கு ஒரு லிஃப்ட் எம்மாத்திரம்? தனியாக ஓடும் டீசல் என்ஜினுக்கோ அது பெரிய சுமை.

என்ஜின் வேகத்தைக் காப்பது கவர்னர். சுழலும் எடைகளை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை ஜேம்ஸ் வாட் 1788-லேயே நீராவி என்ஜினில் பொருத்திவிட்டார். எங்கள் ஜெனரேட்டரில் இருப்பதும் அதே வம்சம். இதில் ஒரு குறை. வேகம் கொஞ்சம் குறைந்தே இருந்தால்தான் கூடுதல் டீசல் விடும். அதனால் சுமை ஏறினால் 50-க்குத் திரும்பாது. ஸ்பிரிங் தேய்ந்தால் இன்னும் மோசம்.

எலெக்ட்ரானிக் கவர்னரில் ஃப்ளைவீல் பற்களுக்கு அருகே ஒரு சென்சார் இருக்கும். 120 பற்கள் என்றால் 1500 சுற்றில் நொடிக்கு 3000 துடிப்புகள். ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இவற்றை எண்ணி, வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போய், அது பூஜ்யமாகும் வரை ஆக்சுவேட்டர் மூலம் டீசலைக் கூட்டும் அல்லது குறைக்கும். ப்ரோக்ராமாக எழுதினால் பத்து வரிகூட வராது! செட்டிங் மட்டும் முக்கியம். அவசரப்பட வைத்தால் என்ஜின் ஏறி இறங்கி உறுமும். மெக்கானிக்குகள் இதை 'ஹண்டிங்' என்பார்கள்.

கவர்னர் ஸ்க்ரூவை நீங்களே திருகாதீர்கள். வேகம் எகிறினால் என்ஜினுக்கே ஆபத்து. உங்கள் யூ.பி.எஸ். எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஏற்கும் என்று மேனுவலில் பாருங்கள். சிலவற்றில் இந்த எல்லையைச் சற்று அகலமாக்கும் வசதியும் உண்டு.

எங்கள் மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைச் சரிசெய்த பிறகு, லிஃப்ட் ஓடும்போதும் 49-க்குக் கீழே போகவில்லை. எலெக்ட்ரானிக் கவர்னர் போடுவதா என்று சங்கத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. மாமா யூ.பி.எஸ்.ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் லிஃப்ட் சத்தம் கேட்டாலே கண்ட்ரோல் எஸ் அழுத்துகிறார்.